கடல் தின்னும் ஹேஸ்ப்ரா: ஒரு சின்ன ஊரின் பெரிய வரலாறு

1) இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே பீச் ரோடு என்று ஒரு தெரு. இரண்டு பக்கமும் வீடு, தோட்டம், நிறுத்திவைத்த கார். நடந்துகொண்டே போனால் திடீரென்று ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் தெருவும் இல்லை, தரையும் இல்லை. கீழே கடல்.

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

2) அரசு மருத்துவர் வெளிநாடு போக லீவும் தடையின்மைச் சான்றும் வாங்குவது தனி வரலாறு, அதை இன்னொரு நாள் எழுதுறேன். எப்படியோ போன அக்டோபரில் இரண்டு வாரம் கிடைத்தது. என் எம்பிபிஎஸ் பேட்ச்மேட் ஒருவன் நாரிச் நகரத்தில் வேலை பார்க்கிறான். "லண்டனை எல்லாரும்தான் பாக்குறாங்க. நீ வரலாறு வரலாறுன்னு உருகுவியே, வா மச்சி, கடல் தின்னுற ஊர் ஒண்ணு காட்டுறேன்" என்றான். முக்கால் மணி நேர கார் பயணம்.

3) ஊர்ப் பெயரை எழுத்துப்படி படித்தால் "ஹாப்பிஸ்பர்க்" என்றுதான் வரும். நானும் அப்படித்தான் சொன்னேன். சிரித்துவிட்டான். உச்சரிப்பு "ஹேஸ்ப்ரா". திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் ஆக்கியவர்கள் ஊரில் இதெல்லாம் சகஜம் என்று நினைத்துக்கொண்டேன்.

4) கடலோரக் குன்று என்றதும் என் மனதில் வந்தது கன்னியாகுமரிப் பாறை மாதிரி ஒன்று. இங்கே பாறையே கிடையாது. பனியுகத்தில் பனிப்பாறைகள் இழுத்து வந்து கொட்டிவிட்டுப் போன களிமண்ணும் மணலும் அடுக்கடுக்காக நிற்கின்றன. இரண்டு மூன்று மாடி உயரம். கையால் கிள்ளினால் உதிர்கிறது. இந்த மண்மேட்டின் மேல்தான் ஊர்.

5) இது எப்படி இடிகிறது? மருத்துவ பாஷையில் சொல்றேன். சர்க்கரை நோயாளியின் காலில் வரும் சில புண்களைப் பார்த்திருப்பீங்க. மேலே தோல் நன்றாகவே இருக்கும். அடியில் குடைந்துகொண்டே போயிருக்கும். ஒரு நாள் மொத்தமாகத் திறந்துகொள்ளும்.

இங்கேயும் அப்படித்தான். கீழே அலை அடிவாரத்தை அரிக்கிறது. மேலே பெய்யும் மழை மணலில் இறங்கி, களிமண் அடுக்கு தடுப்பதால் பக்கவாட்டில் கசிகிறது. கசிவோடு மணலும் போகிறது. மேலே புல் பச்சையாக இருக்கும்போதே ஒரு துண்டு பொத்தென்று விழும்.

நாங்கள் விளிம்புப் பக்கம் போனபோது நாயோடு நடந்து வந்த ஒரு பாட்டி, தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஊரில் வழிப்போக்கரிடம் சொல்லும் வணக்கமே அதுதான் போல.

6) புவி வெப்பமயமாதலால் நேற்று வந்த பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். கடல்மட்டம் கிட்டத்தட்ட இன்றைய அளவுக்கு உயர்ந்த சுமார் 5,000 ஆண்டுகளாகவே இந்தக் கரை தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. 1600-க்கும் 1850-க்கும் இடையில் மட்டும் 250 மீட்டருக்கு மேல் போயிருக்கிறது. கடல்மட்டம் மேலும் உயர்வதும் புயல்களும் அதை இன்னும் வேகப்படுத்தும்.

7) 1845-ல் நடந்ததாக ஒரு பதிவு உண்டு. 12 ஏக்கர் வயல். கோதுமை விதைத்துவிட்டு விவசாயி வீட்டுக்குப் போயிருக்கிறார். மறுநாள் காலையில் வயலையே காணோம். நம்ம ஊரில் கிணற்றைக் காணோம் என்பது சினிமா காமெடி. அங்கே அது ஒரு குடும்பத்தின் ஒரு வருஷச் சோறு.

8) ஹேஸ்ப்ராவில் "விம்ப்வெல் தெரு" என்று ஒன்று இருக்கிறது. விம்ப்வெல் என்பது பக்கத்தில் இருந்த கிராமம். அந்தக் கிராமத்தைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. பெயர்ப்பலகை மட்டும் மிச்சம்.

தெற்கே கொஞ்ச தூரத்தில் எக்கிள்ஸ். அங்கே மாதா கோயிலின் கோபுரம் மட்டும் பல வருஷம் கடற்கரை மணலில் தனியாக நின்றது. 1895 ஜனவரிப் புயலில் அதுவும் விழுந்தது. பெரும் புயலில் மணல் விலகும்போது, அந்தக் கல்லறைத் தோட்டத்து எலும்புக்கூடுகள் வெளியே தெரிந்திருக்கின்றன.

9) இதே கடல் கப்பல்களையும் விடவில்லை. கரைக்கு எதிரே கடலுக்கு அடியில் ஹேஸ்ப்ரா மணல்திட்டுகள். 1789 குளிர்காலத்தில் ஒரே புயலில் நார்ஃபோக் கடலோரத்தில் 70 கப்பல்களும் 600 மாலுமிகளும் போனார்கள். அதற்குப் பிறகுதான் 1790-ல் இங்கே கலங்கரை விளக்கம் கட்டினார்கள். ஒன்று இல்லை, இரண்டு. உயரமாக ஒன்று, தாழ்வாக ஒன்று. இரண்டு வெளிச்சமும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தால் மாலுமிக்கு அது பாதுகாப்பான வழி.

10) விளக்கு வந்தும் விபத்து நிற்கவில்லை. 1801 மார்ச் 16. எச்.எம்.எஸ். இன்வின்சிபிள், 74 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பல். பெயருக்கு அர்த்தம் "வெல்ல முடியாதது". கோபன்ஹேகன் போருக்குக் கிளம்பிய கப்பற்படையோடு சேரப் போய்க்கொண்டிருந்தது. மணல்திட்டில் மோதியது. மறுநாள் மூழ்கியது. சுமார் 400 பேர் இறந்தார்கள். போர்க்களத்தை அவர்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

11) கரை ஒதுங்கிய 119 உடல்களை ஹேஸ்ப்ரா மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் ஒரே குழியில் புதைத்தார்கள். அடையாளக் கல்கூட இல்லாமல் அப்படியே மறந்து போனது. 1988-ல் வடிகால் தோண்டும்போது எலும்புகள் வந்தன. 1998-ல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். நான் அந்தக் கல் முன்னால் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது. கடல் கொன்றவர்களைத் தேடிக் கடலே திரும்ப வந்துகொண்டிருக்கிறது.

12) அந்த இரட்டை விளக்குகளில் தாழ்வான கோபுரத்தை 1883-ல் நிறுத்திவிட்டார்கள். காரணம் கரை அரிப்புதான். உயரமானது இன்றும் இருக்கிறது. வெள்ளையில் மூன்று சிவப்புப் பட்டை.

1987-ல் "இனி இந்த விளக்கு தேவையில்லை" என்று முடிவாகிறது. ஊர்க்காரர்கள் விடவில்லை. கையெழுத்து, மனு, போராட்டம். 1990-ல் பாராளுமன்றத்தில் ஒரு சட்டமே கொண்டுவந்து விளக்கை ஊர் அறக்கட்டளையிடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். பிரிட்டனில் இப்படித் தனியாக இயங்கும் கலங்கரை விளக்கம் இது ஒன்றுதான்.

13) ஒரு சின்ன இடைவேளை. மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஹில் ஹவுஸ் என்று ஒரு பழைய விடுதி. 1903-ல் நம்ம சக டாக்டர் ஒருவர் வந்து தங்கினார். விடுதிக்காரரின் பையன் குச்சி மனிதர்களை வரைந்து ரகசிய எழுத்தாகப் பயன்படுத்தியதைப் பார்த்தார். அதிலிருந்து பிறந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதைதான் "நடனமாடும் மனிதர்கள்". ஆமாம், ஆர்தர் கானன் டாயில். அவரும் எம்பி படித்த மருத்துவர்தான். நோயாளிகள் அதிகம் வராத நேரத்தில் கதை எழுதியவர். நம்ம ஓபிக்கு அவரை ஒரு நாள் உட்கார வைத்திருந்தால் உலகத்துக்கு ஹோம்ஸ் கிடைத்திருக்க மாட்டார்.

14) சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

2000-ல் இந்தக் கடற்கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒருவர் கண்ணில் ஒரு கருப்புக் கல் பட்டது. கற்கோடரி. வயது சுமார் 5 லட்சம் ஆண்டு. (1863-ல் நம்ம பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் எடுத்தாரே, அந்த மாதிரிக் கருவி.) ஆராய்ச்சியாளர்கள் வந்து இறங்கினார்கள். அதைவிடப் பழைய அடுக்குகளும், அவற்றில் கல் கருவிகளும் கிடைத்தன.

15) 2013 மே. அலை கடற்கரை மணலை வாரிக்கொண்டு போனதில் அடியில் இருந்த பழைய சேற்றுப்படுகை வெளியே வந்தது. அதன்மேல் நீள்வட்டக் குழிகள். ஐம்பது வரை. மனிதக் காலடிகள்!

வயது 8.5 லட்சத்திலிருந்து 9.5 லட்சம் ஆண்டுகள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுவரை கிடைத்த காலடிகளிலேயே மிகப் பழையவை. அப்போது பிரிட்டன் தீவு கிடையாது, ஐரோப்பாவோடு ஒட்டிய நிலம். தேம்ஸ் நதி இந்தப் பக்கமாக வந்து கடலில் கலந்தது. அந்த முகத்துவாரச் சேற்றில் ஒரு கூட்டம் தெற்கே பார்த்து நடந்து போயிருக்கிறது.

16) அவர்கள் உயரத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தடயவியல் மருத்துவத்தில் படித்ததுதான். பாதத்தின் நீளம், உயரத்தில் தோராயமாக 15 சதவீதம். அந்தக் கணக்குப்படி மூன்று அடியிலிருந்து ஐந்து அடி எட்டு அங்குலம் வரை, குறைந்தது ஐந்து பேர். மூன்று அடி என்றால் குழந்தை. பெரியவர்களும் சிறுவர்களும் சேர்ந்து நடந்த ஒரு குடும்பம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

17) இரண்டே வாரம். அதற்குள் அலை அத்தனை தடங்களையும் அழித்துவிட்டது. மழையில், அலை வற்றும் நேரம் பார்த்து ஓடிப் போய், தேங்கிய தண்ணீரை இறைத்து, புகைப்படங்களாக எடுத்து முப்பரிமாணப் பதிவாக்கியதால் மட்டுமே இன்று நமக்குத் தெரியும்.

யோசித்துப் பாருங்க. கடல் அரிக்காமல் இருந்திருந்தால் அந்தக் காலடி வெளியே வந்திருக்காது. அரித்த அதே கடல்தான் அழித்தது. வரலாற்று ஆர்வலனாக எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்த அரிப்பில்தான் பீச் ரோடு ஆட்கள் வீட்டை இழந்தார்கள். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

18) வீடுகளின் கதைக்கு வருவோம். 1953 ஜனவரி 31 இரவு வட கடலில் பெரும் புயல் வெள்ளம். இங்கிலாந்தில் மட்டும் 307 பேர், நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு விழித்துக்கொண்டு 1958-59-ல் ஹேஸ்ப்ரா கரையோரமாக மரத்தடுப்பு கட்டினார்கள். முப்பது வருஷம் தாங்கியது. தடுப்பு இருக்கிற தைரியத்தில் மக்கள் வீடு வாங்கினார்கள், ஓய்வுக்காலத்துக்கு வந்து குடியேறினார்கள்.

19) 1990களில் மரம் உளுத்து, புயலில் பெயர்ந்து, தடுப்பு துண்டு துண்டாகப் போனது. புதிதாகக் கட்டவில்லை. அடக்கி வைத்த கடல் பாய்ந்து வந்தது. 25 வருஷத்தில் சில இடங்களில் கரை 100 மீட்டருக்கு மேல் உள்ளே போனது. முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் காலி. வீட்டின் சந்தை மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அந்த நாட்டில் கடல் அரிப்பில் வீடு போனால் சட்டப்படி இழப்பீடு கிடையாது. இடிக்கிற செலவும் வீட்டுக்காரர் தலையில்தான். பின்னாளில்தான் அதற்கு 6,000 பவுண்டு வரை உதவித்தொகை வந்தது.

20) 2000களின் நடுவில் வந்த கடற்கரை மேலாண்மைத் திட்டம், இங்கே புதிய தடுப்புச் சுவர் இனி இல்லை, கடல் வரட்டும் என்று சொன்னது. கணக்கு எளிமையானது. சுவர் கட்டும் செலவு, அது காப்பாற்றும் சொத்தின் மதிப்பைவிட அதிகம். ஊர்க்காரர்கள் நன்கொடை திரட்டி, "ஹேஸ்ப்ராவுக்கு ஒரு பாறாங்கல் வாங்கிக் கொடுங்கள்" என்று இயக்கமே நடத்தி, கொஞ்சம் கல் கொட்டினார்கள்.

21) வடக்கே சில கிலோமீட்டரில் பாக்டன். அங்கே எரிவாயு முனையம். பிரிட்டனுக்கு வேண்டிய எரிவாயுவில் மூன்றில் ஒரு பங்கு வரை அந்த வழியாக வருகிறது. அங்கேயும் இதே மண்மேடு, இதே கடல். 2019-ல் சுமார் 2 கோடி பவுண்டு செலவில் 18 லட்சம் கன மீட்டர் மணலைக் கொட்டிக் கடற்கரையை அகலப்படுத்தினார்கள். செலவில் பெரும்பங்கு முனையத்தின் பணம். அதனால் பக்கத்துக் கிராமங்களும் பிழைத்தன. கேஸ் குழாய்க்குப் பக்கத்தில் வீடு இருந்தால் ஐசியூ பெட். கொஞ்சம் தள்ளி இருந்தால் வார்டு வராந்தா.

22) கோபம் வருதுல்ல? எனக்கும் வந்தது. ஆனால் அடுத்த பக்கத்தையும் பார்க்கணும்.

இந்த மண்மேடு இடிந்து விழும் மணல் வீணாகப் போவதில்லை. நீரோட்டம் அதைத் தெற்கே கொண்டுபோய் அடுத்த ஊர்களின் கடற்கரையில் சேர்க்கிறது. அந்த மணல்தான் தாழ்வான நார்ஃபோக் ஏரிப் பகுதியைக் கடலிடமிருந்து காக்கிறது. இங்கே சுவர் கட்டி அரிப்பை நிறுத்தினால் அங்கே மணல் பஞ்சம்.

நமக்கு இது புதுசு இல்லை. சென்னைத் துறைமுகச் சுவர் வந்த பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், எண்ணூர் பக்கம் கடல் வீடுகளைத் தின்றது.

23) ஆக, எல்லா இடத்திலும் சுவர் கட்ட முடியாது. யாரைக் காப்பாற்றுவது, யாரை விடுவது என்று யாரோ ஒருவர் முடிவெடுக்க வேண்டும். மருத்துவத்தில் இதற்கு ட்ரையேஜ் என்று பெயர். அந்த வேலையை நானும் செய்திருக்கிறேன். அதனால்தான் பீச் ரோடு வேலியில் கை வைத்தபோது என்னால் அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டு வர முடியவில்லை.

24) 2021 மே. இரண்டாம் அலை. நைட் டூட்டி. எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. நுரையீரல் முழுக்கப் போய்விட்டது. இருந்த ஒரு வென்டிலேட்டருக்கு இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள், இருவருக்கும் பிழைக்க வாய்ப்பு இருந்தது. அந்த அம்மாவுக்கு வைப்பதில்லை என்று சீனியரோடு பேசி முடிவெடுத்தோம். இன்று கேட்டாலும் அதே முடிவுதான் எடுப்பேன்.

25) அதைச் சொன்ன விதம்தான் என்னை விடவில்லை. வராந்தாவில் நின்றுகொண்டே அவர் மகனிடம், "இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்கு ஓடிவிட்டேன். விடியற்காலையில் திரும்பி வரும்போது அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். "சார், அம்மா பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

யாரும் இல்லை. அது எனக்குத் தெரியும். பதில் சொல்லாமல் உள்ளே போனேன்.

26) ஹேஸ்ப்ரா மக்களின் கோபமும் இதே இடத்தில்தான் என்று எனக்குப் பட்டது. கடலை யாராலும் நிறுத்த முடியாது என்று அவர்களுக்கு எப்போதோ தெரியும், நானூறு வருஷமாகப் பார்க்கிறார்கள். ஊர் நன்மைக்காக, நாட்டின் கணக்குக்காக என் வீடு போகணும் என்றால், அந்த நஷ்டத்தை நான் மட்டும் ஏன் சுமக்கணும்? இதுதான் அவர்கள் கேள்வி. "இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொன்ன அரசாங்கமும் என்னைப் போலவே அடுத்த பெட்டுக்கு ஓடிவிட்டது.

27) கொஞ்ச வருஷம் கழித்துத் திரும்பி வந்தார்கள். 2009-ல் ஒரு சோதனைத் திட்டம். வட நார்ஃபோக் கவுன்சிலுக்குச் சுமார் 30 லட்சம் பவுண்டு. விளிம்பில் இருந்த ஒன்பது பீச் ரோடு வீடுகளைக் கவுன்சிலே வாங்கியது. கடல் ஆபத்து இல்லாவிட்டால் என்ன விலையோ, அதில் ஏறக்குறைய பாதி. முழு விலை இல்லை, ஆனால் பூஜ்ஜியமும் இல்லை. வீடுகளை ஒழுங்காக இடித்து அப்புறப்படுத்தினார்கள். கார் நிறுத்துமிடம், கழிப்பறை எல்லாம் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். இது சுவர் இல்லை, கடலை ஒரு அடிகூடத் தடுக்காது. நாங்கள் வலிதணிப்புச் சிகிச்சை என்று சொல்வோமே, அந்த வகை.

28) எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். 2013 டிசம்பர் 5 இரவுப் புயலில் மறுபடி கரை இடிந்து, ஒரு வீடு பாதி விளிம்புக்கு வெளியே தொங்கியது. 2022-ல் நார்ஃபோக் உட்பட இரண்டு கடற்கரைப் பகுதிகளுக்கு 3 கோடியே 60 லட்சம் பவுண்டில் புதிய திட்டம் அறிவித்தார்கள். அதன் நோக்கமும் கடலைத் தடுப்பதில்லை, ஊரை நிதானமாக உள்ளே நகர்த்துவது. அதற்குள் எத்தனை வீடு மிஞ்சும் என்பது அலைக்குத்தான் வெளிச்சம்.

29) கிளம்பும்போது இருட்டிவிட்டது. கலங்கரை விளக்கம் எரிய ஆரம்பித்தது. 30 விநாடிக்கு மூன்று முறை மின்னும். தங்கள் வீட்டைக் காப்பாற்ற யாரும் வரவில்லை என்று குறைப்பட்ட அதே ஊர், முகம் தெரியாத மாலுமிக்காக இன்றும் அந்த விளக்கை எரியவிடுகிறது. நண்பன் காரை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவனும் அந்த 2021-ஐ அங்கே ஒரு மருத்துவமனையில் பார்த்தவன்.

30) ஊருக்கு வந்த பிறகு என்னிடம் ஒரு சின்ன மாற்றம். கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் சொல்றேன். கடைசியில், "ட்ரீட்மென்ட் இவ்வளவுதான், ஆனா நாங்க இருக்கோம். நர்ஸ் பக்கத்துலயே இருப்பாங்க, வலி இல்லாம பாத்துக்குவோம்" என்று சொல்றேன். ஓபி கூட்டத்தில் அதற்கு ஐந்து நிமிஷம் ஒதுக்குவது கஷ்டம்தான். எல்லா நாளும் முடிவதில்லை.

31) நம்ம கடற்கரையிலும் நாளை ஏதோ ஒரு மீனவர் குப்பத்தைப் பற்றி இதே முடிவை யாரோ ஒரு அதிகாரி எடுக்க வேண்டிவரும். சுவர் கட்ட முடியாது என்பது சில இடங்களில் உண்மையாகவே இருக்கலாம். அதைச் சொல்லும்போது அவர்களுக்கு எங்கே வீடு, கடலுக்குப் போக என்ன வழி, இழப்புக்கு என்ன பணம் என்ற பதிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போகணும். ஹேஸ்ப்ராவில் அந்தப் பதில் வருவதற்குள் முப்பது வீடுகள் போய்விட்டன.

32) அந்த 2021 மகன் இதைப் படிக்க வாய்ப்பில்லை. படித்தால்: மன்னிச்சிடுங்க சார். அன்னைக்கு நான் ஒரு அஞ்சு நிமிஷம் உங்ககூட உட்கார்ந்திருக்கணும்.

நாளைக் காலை டூட்டி. கேள்வி இருந்தால் கேளுங்க, மதியத்துக்கு மேல் பதில் சொல்றேன்.